தொட்டிக்கரிக் குழிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காங்கேயம், வெள்ளகோயில் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை)க் கரியாக்கும் தொழில் நடத்துவோர் அனைவருக்கும் வணக்கம்.

இதை எழுதுகிற நானும் தென்னையை நம்பிப் பிழைப்பவன்தான். என் தோட்டத்துக் காய் கொப்பரைக் களத்துக்குப் போய், அங்கிருந்து தொட்டி உங்கள் குழிக்கு வந்து சேர்கிறது. ஆகவே உங்கள் தொழில் நிற்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். புகையைப் பற்றி மட்டுமே பேச வந்தேன்.

நான்கு டன் தொட்டியைச் சுட்டால் ஏறக்குறைய ஒரு டன் கரிதான் தேறும் என்பது நீங்கள் அறிந்த கணக்கு. மீதி மூன்று பங்கும் நீராவியாகவும் தாராகவும் கார்பன் மோனாக்சைடாகவும் நுண்துகளாகவும் அக்கம்பக்கத்துச் சாளைகளுக்குள் (தோட்டத்து வீடுகளுக்குள்) புகுகிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுவதால் நாங்கள் பெரிதாகப் பேசுவதில்லை (போய்ச் சேருகிற ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்களோ). மார்கழியிலோ குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடுவதால், இரவு கொளுத்திய குழியின் புகை வெயில் ஏறும் வரை கிளுவை வேலி உயரத்திலேயே கிடக்கிறது. போன மார்கழியில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை உருவிப் பார்த்தேன். பனியோடு சேர்ந்த கறுப்புப் பிசுக்கு விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்புக்கும் எளிதில் போகவில்லை. மாடு அதைத்தான் மேய்கிறது. என் அம்மா அந்த மாதம் முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள் நுரையீரலின் அடி வரை இறங்கி, ரத்தத்திலும் கலந்து, மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடியது. ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதென்று இந்தியா 2009இல் வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனமோ 2021இல் 15 என்றே சொல்லிவிட்டது. உங்கள் கரி ஆக்டிவேட்டட் கார்பனாகி எங்கெங்கோ தண்ணீரையும் காற்றையும் சுத்தம் செய்கிறது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மூடிய உலையில் சுட்டு, வெளிவரும் புகையைக் குழாய் வழியே இழுத்துத் தனி அறையில் எரித்தால், தாரும் வாயுவும் பெரும்பாலும் எரிந்துபோவதோடு அந்தச் சூட்டில் கொப்பரையும் உலர்த்தலாம். சிறு குழிக்காரர் ஒருவருக்கு அந்த முதல் கட்டாது; ஐந்தாறு பேர் சேர்ந்து ஓர் உலை போடலாமே. அதுவரை கார்த்திகையிலிருந்து தை முடிய இரவில் கொளுத்தாமல், வெயில் ஏறிய பிறகு பற்றவைக்க வேண்டுகிறேன்.

ஐப்பசிக்குள் எந்தக் களத்தில் கூடினாலும் சொல்லி அனுப்புங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பக்கத்துத் தோட்டத்துக்காரன்