அது தலையால் அடித்த கோல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வுபெற்ற ஜப்பான் கால்பந்து வீராங்கனை ஹோமரே சாவா இணையத்தில் மறுபடியும் வலம் வருகிறார் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் 2011 மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் 'தலையால் முட்டி' சமன் செய்தார் என்று போட்டிருந்தீர்கள். இல்லை. அது காலால் அடித்த கோல்.

கல்லூரி அணியில் நடுக்களம் ஆடியவள் நான். அந்தக் கோலை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பிராங்க்பர்ட் மைதானம், கூடுதல் நேரம், 117-வது நிமிடம். அமெரிக்கா 2-1 என்று முன்னால் இருக்கிறது. ஜப்பானின் அயா மியாமா மைதானத்தின் மூலையிலிருந்து கார்னர் அடிக்கிறார். பந்து பக்கத்துக் கம்பத்தை நோக்கித் தாழ்வாக வருகிறது. சாவா குறுக்கே ஓடிவந்து, கோலுக்குப் பாதி முதுகைக் காட்டியபடியே, வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான், 2-2. அப்புறம் பெனால்டியில் 3-1 என்று ஜப்பான் வென்றது. அப்படிக் காலை வைத்துப் பாருங்கள், தெரியும். நான் பயிற்சியில் முயன்ற நாளெல்லாம் பந்து வெளியேதான் போனது.

தலையால் அடித்த கோல் வேறு. அது 2015 டிசம்பர் 27, ஜப்பானின் கவாசாகியில் நடந்த, அந்நாட்டு மகளிர் அணிகள் மோதும் பேரரசி கோப்பை இறுதி ஆட்டம். நீகாட்டா அணிக்கு எதிராக 78-வது நிமிடத்தில் சாவா அடித்த ஒரே கோல்தான் அவருடைய ஐநாக் கோபே அணிக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது. 37 வயதில் அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். அதுவும் கார்னரிலிருந்து வந்த கோல் என்பதால் இரண்டும் கலந்துபோயிருக்கும். சரி, போகட்டும்.

ஆனால் 'இத்தனை வயதிலும் மாறாத புன்னகை' என்று இரண்டு வரி எழுதியதைத்தான் விட மனமில்லை. 15 வயதில் தேசிய அணிக்கு வந்து, ஆறு உலகக் கோப்பைகள், 205 ஆட்டங்கள், 83 கோல்கள் கண்டவர். இதில் ஒரு எண்கூட உங்கள் பெட்டிக்குள் இல்லை. இணையத்திலும் இதே கதைதான். 2012 ஜனவரியில் ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதை வாங்க அவர் கிமோனோவில் வந்த படத்தின் கீழே எல்லோரும் கிமோனோவைப் பற்றியே பேசுகிறார்கள். அழகான கிமோனோதான், மறுக்கவில்லை. அதற்கு முன் ஐந்து வருடம் தொடர்ந்து பிரேசிலின் மார்த்தா கையிலேயே இருந்த விருது அது என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கஷ்டமான நேரத்தில் என் முதுகைப் பாருங்கள் என்று சக வீராங்கனைகளிடம் சொன்னவர் சாவா. நடுக்களம் ஆடியவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். மூச்சு வாங்கி நிற்கும்போது, முன்னால் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவரின் முதுகுதான் கண்ணில் படும்.

அடுத்த முறை படம் போடுவதானால், 10 என்ற எண் தெரிகிற மாதிரி பின்னாலிருந்து எடுத்த ஒன்றைப் போடுங்கள். கூடவே மியாமாவின் பெயரையும். அந்த 2011 இறுதி ஆட்டத்தின் 81-வது நிமிடத்தில் ஜப்பானின் முதல் கோலை அடித்ததும் அவர்தான். இணையத்தில் சுற்றி வருகிற, சாவா சமன் செய்த கோலின் காணொளியோ பந்து காற்றில் வரும்போதுதான் ஆரம்பிக்கிறது. கார்னர் அடித்தவரை வெட்டியே விட்டார்கள்.

இப்படிக்கு,
பழைய நடுக்கள ஆட்டக்காரி ஒருத்தி