எதிர்க்கடை மாஸ்டருக்கும் கூட இருந்த எல்லோருக்கும்

இத்தா, அதாவது புருஷன் இறந்த பெண் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம், முடிந்து இன்றோடு மூன்று நாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்குத் தெருவில் இறங்கியதும் கண் கூசியது. நேராக எங்கள் தையல் கடைக்குத்தான் வந்தேன். ஷட்டர் இறுகிப் போயிருந்தது, மகளும் நானும் சேர்ந்து தூக்கினோம். என் வீட்டுக்காரர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று பாலக்காட்டுப் பக்கம் எங்கள் புதுநகரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் கிடந்த 18 நாளும், வேலந்தாவளம் எல்லை தாண்டி ஆம்புலன்ஸ் திரும்பி வந்த அந்த ராத்திரியும் ஊருக்கே தெரியும். ரத்தம் கொடுக்கக் கடைசி பஸ் பிடித்து வந்த காலேஜ் பிள்ளைகள், ஐ.சி.யூ. வாசலில் தன் பாயில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்த உடுமலைப்பேட்டை அம்மா, டீ குடிக்கக்கூடக் காசு வாங்காத ஆம்புலன்ஸ் டிரைவர், மே மாத வெயிலில் கபர் குழி வெட்டிய பையன்கள், முறை வைத்துச் சோறு கொண்டு வந்த சொந்தங்கள், ஜமாஅத் பெரியவர்கள், நான் கேட்காமலே கரண்ட் பில் கட்டிவிட்டு அதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத டீச்சர், என் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்ட பக்கத்து வீட்டுப் பையன். உங்கள் எல்லோரையும் ஒரே பத்தியில் அடைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருகிறேன்.

எதிர்க்கடைத் தையல் மாஸ்டரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவரிடம் நான் எதையுமே எதிர்பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரரும் அவரும் பேசி 6 வருஷம் ஆயிற்று. காரணம், பட்டன் ஓட்டை தைக்கும் ஒரு காஜா பையன். எங்கள் கடையில் மூன்று வருஷம் நின்று தொழில் பழகியவன், ஓணத்துக்கு முந்தின வாரம் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். ஓண சீசனில் பையனை இழுத்தால் எந்தத் தையல்காரர் பொறுப்பார்? அன்றிலிருந்து இவர் அவர் பேரைச் சொல்லமாட்டார், 'எதிர்த்தாப்ல' என்பதோடு சரி. பையன் அப்புறம் துபாய்க்குப் போய்விட்டான். சண்டை மட்டும் இங்கேயே கிடந்தது.

பள்ளிக்கூடம் ஜூனில் திறப்பதால் மே மாதம் எங்களுக்கு யூனிபார்ம் மாதம். என் வீட்டுக்காரர் மவுத்தானபோது கடையில் 34 பிள்ளைகளின் துணி வெட்டாமல் கிடந்தது. பாதிக்கு மேல் சர்க்கார் பள்ளியில் இலவசமாகக் கொடுக்கும் கைத்தறித் துணி, ஆளுக்கு இரண்டு செட். வாங்கின அட்வான்ஸ் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் துணிகளின் ஞாபகமே எனக்கு இல்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மாஸ்டர் என் வீட்டுக்காரரின் அண்ணனிடம் போய், "கடையைத் திறந்து விடுங்கள், பிள்ளைகள் பழைய சட்டையோடு போய் நிற்கும்" என்றாராம்.

கைத்தறியை நனைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். அத்தனையையும் ராத்திரி ஊறவைத்து அவர் வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டாராம். அளவு நோட்டுதான் அவரைத் திணற வைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் யாருக்கும் முழுப் பேர் எழுதியதில்லை. 'கொளத்துமேட்டு டீச்சர் சின்னது', 'மாங்கா லாரி இரண்டாவது', 'கண்ணாடி போட்ட பாப்பா' என்று எழுதி வைத்திருப்பார். என் மகள் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, மாஸ்டர் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று எழுதிக்கொண்டார். ஜூன் 2 பள்ளி திறந்தபோது 34 பிள்ளைகளும் புதுசு போட்டுக்கொண்டு போனார்கள். எல்லாப் பொட்டலத்திலும் எங்கள் கடை பில்தான் குத்தியிருந்தது. கூலிக் காசு கவரில் வந்தது. நூலுக்கும் பட்டனுக்கும் மட்டும் கழித்து, கணக்கு எழுதிய துண்டுச் சீட்டோடு.

இதற்கே நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லலாம். ஆனால் என்னைத் தூக்கி உட்கார வைத்தது அதற்குப் பிறகு வந்த ஒரு கட்டைப் பை.

பக்ரீத் கழிந்த வாரம். வாசலில் சைக்கிள் மணி. "இத்தா" என்று கூப்பிடுகிற குரல். கேரளத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மாஸ்டரும் அந்தப் பழக்கத்தில் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் தமிழ் பேசும் ராவுத்தர் வீட்டுக்காரர்கள், எங்களுக்கு அக்கா அக்காதான். நானோ உள்ளே இத்தாவில் இருக்கிறேன். எனக்கு என் இருப்பையே யாரோ கூப்பிட்ட மாதிரி தூக்கிவாரிப் போட்டது. பிறகு விஷயம் புரிந்து, எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தேன். மகள் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

பையில் 12 ஜாக்கெட். ஓரம் ஹெம்மிங் செய்து ஹூக்கு வைக்க வேண்டும். "என்கிட்ட கை வேலைக்கு ஆள் இல்லை, இத்தாவால் முடிந்தால் செய்து தரச் சொல்லு, அவசரம் இல்லை" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆள் இல்லை என்பது பொய். அவர் கடையில் இரண்டு பெண்கள் வேலை பார்ப்பது இந்தத் தெருவுக்கே தெரியும். வீட்டுக்குள் இருந்தபடி கை வேலை செய்யலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டம்மாவிடம் கேட்டனுப்பினேன், தாராளமாகச் செய் என்றார்கள்.

அதுவரைக்கும் நான் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். முஸல்லாவில், தொழுகைப் பாயில், நிற்பேன், எத்தனை ரக்அத் தொழுதேன் என்று மறந்துபோகும். துஆவுக்குக் கை ஏந்தினால் சொல் வராது. ஆஸ்பத்திரியில் 18 நாளும் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அது கிடைக்கவில்லை. இனி எதைக் கேட்பது என்று கை தானாக இறங்கிவிடும். துக்கம் கேட்க வந்த ஒரு உறவுக்காரம்மா, "பொறுமை என்பது முதல் அடி விழும்போதே இருக்க வேண்டும் என்று நபியே சொல்லியிருக்கிறார்கள்" என்று ஹதீஸ் சொல்லிவிட்டுப் போனார்கள். ஹதீஸ் உண்மைதான். முதல் அடியில் நான் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தியதை ஊரே பார்த்தது. அப்படியானால் என் கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டதா என்று பல ராத்திரி படுத்துக் கிடந்திருக்கிறேன். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி ஓட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் போகிற ரயில் கூவும், தூக்கம் வராது.

ஹஜ்ரத் வீட்டம்மாதான் யஃகூப் நபியைச் சொன்னார்கள். மகன் யூசுபை இழந்தபோது 'அழகிய பொறுமை' என்று சொன்னவர் அவர். அவரே அழுது அழுது கண் வெளுத்துப் போனார், என் துக்கத்தை அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்றார். நம் நபிகளும் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டிருக்கிறார்கள். "அழுதவர்களை எல்லாம் கழித்துவிட்டால் யாரம்மா மிச்சம்?" என்று கேட்டார்கள். அந்த உறவுக்காரம்மா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனாலும் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் ஹதீஸைப் பாதியாகக் கொண்டு போகக் கூடாது.

சரி, ஜாக்கெட்டுக்கு வருகிறேன். முதல் நாள் ஒன்றுகூட முடிக்கவில்லை. ஊசி கோக்கவே அரை மணி நேரம், கை நடுக்கம். மறுநாள் இரண்டு. ஒரு குத்துக்கு ஒரு சுப்ஹானல்லாஹ் என்று நாக்கு தானாகச் சொல்ல ஆரம்பித்தது எந்த நாளில் என்று தெரியவில்லை. முஸல்லாவில் வராத திக்ரு, அல்லாஹ்வை நினைத்துச் சொல்கிற சொல், ஹெம்மிங்கில் வந்தது. யாராவது மார்க்கச் சட்டம், மசலா என்று கேட்டுக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள், ஆனால் நடந்தது அதுதான். மனசில் கேள்வி அப்படியே இருந்தது. கை மட்டும் அதன் பாட்டுக்கு ஓரத்தை மடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டே போனது. பொறுமையைச் சொல்லும் ஸப்ர் என்ற அரபுச் சொல்லுக்கு இழுத்துப் பிடித்து வைத்தல் என்றும் பொருள் உண்டு என்று மதரஸாவில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திங்களும் வியாழனும் பை வரும், முடிந்த பை போகும். மாஸ்டர் ஒரு நாளும் கேட்டைத் தாண்டவில்லை, ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, ஹூக்கு இடைவெளி சரியில்லை என்று நான்கு ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு மனுஷர் என்னைப் பாவம் பார்க்காமல் குறை சொன்னார். பிரித்துத் திரும்ப வைத்தேன். இந்த 2025-ஆம் வருஷம் திருவோணமும் மீலாது நபியும் செப்டம்பர் 5 ஒரே நாளில் வந்ததே, அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து பாயசத் தூக்கு வந்தது, இங்கிருந்து நெய்ச்சோறு போனது. 6 வருஷச் சண்டை அப்படி முடிந்தது. முடிந்ததைப் பார்க்கத்தான் ஒருவர் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து கடையைத் திறந்து வைக்கப் போகிறேன். வெட்டுவதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. சேலைக்கு பால்ஸ் வைப்பது, ஹெம்மிங், ஹூக்கு, சின்னச் சின்ன ரிப்பேர் இதெல்லாம் நானே செய்வேன். வெட்டு வேலை மாஸ்டர் கடைக்குப் போகும். இனி யார் வீட்டில் மவுத் நடந்தாலும் சோறு மட்டும் கொண்டு போகமாட்டேன், நாற்பது நாள் கழித்து ஒரு பை வேலையும் கொண்டு போவேன். இது நான் எனக்கே வைத்துக்கொண்ட நேர்ச்சை.

மாஸ்டர், ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசிப் பையின் அடியில் ஒரு பச்சை ஜாக்கெட் துணி இருந்தது, தைக்காமல், அப்படியே மடித்து. கூட வந்த சீட்டில் 'இதுக்கு நோட்டில் அளவு இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். நோட்டில் இருக்காது. கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியில் அவர் எனக்காக எடுத்த துணி அது, என் அளவை அவர் ஒரு நாளும் எழுதியதில்லை. அவர் போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. துணியை நனைத்துவிடாமல், கோட்டின் மேல் கை படாமல் மடித்து அனுப்பினீர்களே. நாளைக்குக் காலையில் கொண்டு வருகிறேன். கோட்டின் மேலேயே வெட்டிக் கொடுங்கள், ஹூக்கு நான் வைத்துக்கொள்கிறேன்.