ரோம் நாள்: துறைமுகத்திலிருந்து கொலோசியம் வரை

அனைவருக்கும் வணக்கம்.

மே 14, வியாழன் காலை 7 மணிக்கு நம் கப்பல் சிவிதாவெக்கியா துறைமுகத்துக்கு வருகிறது. ரோம் அங்கிருந்து சுமார் 70 கி.மீ. டாக்சி வேண்டாம், ரயிலிலேயே போவோம்.

1. காலை 7.30, கப்பல் இறங்குபடி அருகே கூடவும். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். வாசல் வரை இலவச பேருந்து உண்டு.

2. ரயில் நிலையத்தில் ரோமா டெர்மினிக்கு (ரோமின் முக்கிய ரயில் நிலையம்) டிக்கெட். காகித டிக்கெட் என்றால், ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தியே ஆகவேண்டும். போன முறை மறந்துபோய், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே அபராதம் கட்டினேன். தயவுசெய்து மறக்காதீர்கள்.

3. பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல். டெர்மினியில் மெட்ரோ ரயிலின் பி தடம், லாரென்டினா திசை, இரண்டாவது நிறுத்தம் கொலோசியோ. வெளியே வந்து நிமிர்ந்தால் எதிரே கொலோசியம்! கி.பி. 80-இல் திறந்த பழைய ரோமானிய அரங்கம், முதல் பார்வையில் பேச்சே வராது.

4. நுழைவுச்சீட்டில் பெயர் அச்சாகும். அசல் பாஸ்போர்ட் அவசியம். பெரிய பை, கண்ணாடி பாட்டில் கூடாது.

5. மெட்ரோவில் பிக்பாக்கெட் அதிகம். கைப்பையை முன்பக்கம் மாட்டவும்.

6. மதியம் 2.30-க்கு டெர்மினியில் இருக்க வேண்டும். கப்பல் மாலை 7 மணிக்குக் கிளம்பும். தனியாகப் போனவர்களுக்காக அது காத்திருக்காது. மூட்டுவலி உள்ளவர்களுக்காகவே இவ்வளவு முன்னதாக வைத்திருக்கிறேன்.

வருபவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை ஞாயிறு இரவு 9-க்குள் இங்கே அனுப்பவும். படி ஏற முடியாதவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.