அன்னதானக் கூட சோலார் திருப்பணி: நிறைவு அறிக்கை

உபயதாரர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கோயிலின் சோலார் வேலை முடிந்து, நாம் வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மின்வாரியத்தின் இருவழி மீட்டரும் ஓடத் தொடங்கிவிட்டது. அலுவலகக் கட்டடத்தின் காங்கிரீட் மாடியில் கண்ணாடி பேனல் 3 கிலோவாட், அன்னதானக் கூடத்தின் தகரக் கூரையில் எடை குறைந்த, வளையும் பேனல் 2 கிலோவாட். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது பொதுவான கணக்கு; ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும். எல்லாவற்றையும் ஒரே வகையாக வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் இந்த அறிக்கையின் முக்கிய வேலை.

கண்ணாடி பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ; அதைத் தாங்கும் சட்டத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும். வளையும் பேனல் 3 கிலோ அளவில் முடிந்துவிடுகிறது, தடிமனும் சில மில்லிமீட்டர்தான். நம் கூடத்தின் கூரையோ மெல்லிய குழாய்களின் மேல் நிற்பது. அதைப் பார்த்த பொறியாளர், கண்ணாடி வேண்டுமானால் தூண்களை மாற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். காற்றும் ஒரு கவலை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது ஊரெங்கும் தகரம் பறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கூரையோடு படிந்து ஒட்டிய பேனலுக்கு அடியில் காற்று புகுந்து தூக்குவது கடினம். தரையிலிருந்து பார்த்தால் பேனல் இருப்பதே தெரியாது. கருவறை மேலுள்ள விமானத்தை மறைக்காமல் எதையும் செய்யுங்கள் என்று சொன்ன ஸ்தபதிக்கு அதில் திருப்தி.

இவ்வளவு நல்லது என்றால் எல்லா இடத்திலும் அதையே ஒட்டலாமே? முதல் தடை சூடு. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். சட்டத்தில் உயர்த்தி வைத்த கண்ணாடிக்கு அடியில் காற்று ஓடும். ஒட்டிய பேனலுக்கு அந்த வழி இல்லை. கத்திரி வெயிலில் அது 70 டிகிரியைத் தொட்டால், ஆறில் ஒரு பங்கு மின்சாரம் அப்படியே போய்விடும். நம்முடையது மேடுபள்ளத் தகரம் என்பதால் மேடுகளில் மட்டும் பசை வைத்து, பள்ளங்களைக் காற்றுக்கு விட்டிருக்கிறோம். இதற்கு, பின்புறத்தில் கண்ணாடி இழை பதித்த, சற்று விறைப்பான ரகம்தான் சரிப்படும். ஒட்டுவதற்கு முன் தகரத்தின் திருகுத் தலைகள் எல்லாவற்றையும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, எதுவும் பேனலுக்கு அடியில் வராதபடி இடம் பிரித்தார்கள். அடியில் ஒரு திருகு முட்டினாலும் போதும், பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் மெல்லிய தகடான செல் விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, கரண்ட்டில் தெரியும்.

சோலார் எல்லாம் திருப்பணியில் சேருமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். திருவொற்றியூர் போன்ற பழங்கோயில்களில் அணையாமல் எரியும் நந்தா விளக்கின் நெய்ச் செலவுக்கு ஆடுகளை நிவந்தமாக, அதாவது நிலையான கொடையாக, கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கோயிலில் விளக்கெரிய வழி செய்வது அன்றே திருப்பணிதான். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது பரவலான வழக்கம். மந்தை குட்டி போட்டுப் பெருகுவதால் எண்ணிக்கை குறையாது என்று அவற்றைச் சாகாத, மூப்படையாத ஆடுகள் என்ற பொருளில் சாவா மூவாப் பேராடு என்றார்கள். பேனலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண்ணாடி பேனலுக்கு 25 ஆண்டு மின் உற்பத்தி உத்தரவாதம் சாதாரணமாகக் கிடைக்கிறது. வளையும் ரகத்தில் பலவற்றுக்கு 5 ஆண்டு கிடைப்பதே பெரிது. வாயால் 25 ஆண்டு சொன்ன ஒரு விற்பனையாளர், எழுதிக் கேட்டதும் திரும்ப வரவே இல்லை.

ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் மேல் உறைதான். மலிவான பேனல்களில் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் உறை இருக்கும். வெயிலில் சில ஆண்டுகளிலேயே மஞ்சளித்து வெடிக்கத் தொடங்கும். ஈ.டி.எஃப்.ஈ. (ETFE) என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறை அதைவிட நன்றாகத் தாங்கும் என்பதால், விலை கூடினாலும் அதையே வாங்கினோம். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக் காற்றுச் சோதனைச் சான்றிதழையும் இரண்டு வகைக்குமே கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

மடப்பள்ளி மாடியைத் தொடவில்லை. அது மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த பழைய மெட்ராஸ் டெரஸ். துளையிட்டால் ஒழுகும், பசை போட்டு மூடினால் உள்ளே நிற்கும் ஈரம் வெளியேற வழியின்றி மரத்தைத் தின்னும். போதாததற்குப் புகைபோக்கியின் கரி வேறு.

அப்புறம், பராமரிப்பு. மார்கழிக்கு ஒலிபெருக்கியும் சீரியல் செட்டும் கட்ட வருபவர்கள் இனி கூடத்தின் கூரையில் ஏறக் கூடாது. பேனலில் கால் வைத்தால் அதோடு சரி. புறா எச்சத்தைச் சுரண்டாமல் ஊற வைத்து, மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். ஒரு செல்லை எச்சம் மூடினாலே அந்த இடம் சூடேறிக் கருகக்கூடும். போர் தண்ணீர் உப்புக் கறை விடுவதால் மெட்ரோ தண்ணீர்தான். உற்சவ வாணவேடிக்கையைத் தெருமுனைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம். மேலே விழும் நெருப்புக்குக் கண்ணாடி தாங்கும் அளவுக்குப் பிளாஸ்டிக் உறை தாங்காது.

கோபுர நிழல் மாலையில் அலுவலக மாடியின் ஓரத்தில் விழுகிறது. அந்த ஓரத்தைக் காலியாக விட்டிருப்பது அதனால்தான்; இடம் வீணாகிறதே என்று யாரும் பேனல் உபயம் செய்ய வேண்டாம்.

மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை, வளையும் பேனல்களை மாற்றும் நாளுக்கென்று தனி வைப்புக் கணக்கில் போட்டு வருகிறோம். வரவு செலவு முழுவதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ரசீதுகளையும் உத்தரவாதப் பத்திரங்களையும் அலுவலக நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்