அதிகாரிகளின் பயிற்சி தோட்டத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக் கல்வி நிர்வாக சேவையில் இருக்கும் அதிகாரிகளுக்குத் தலைமைத்துவப் பயிற்சி என்றால் எனக்கு ஒரு மழைக்காலம்தான் ஞாபகம் வரும். நான் அதிபராக இருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. காலை 7.30க்குப் பிந்தி வரும் பிள்ளைகளின் பெயரைத் தனியாகப் பதிய வேண்டுமாம். அந்த வாரம் முழுக்க அடைமழை. அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட, தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு, மேற்பிரிவு லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) ஒரு சிறுமி நனைந்த கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் பெயரை நான் பதியவில்லை.

சுற்றறிக்கை எழுதியவர் கெட்டவர் இல்லை. அந்தப் பாதையை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாணங்களுக்கும் கல்வியில் அதிகாரம் வந்தது. இன்று பத்தரமுல்லையில் கல்வி அமைச்சு எடுக்கும் முடிவு, கண்டியிலுள்ள மாகாணக் கல்வி அலுவலகம் வழியாக ஹட்டன் கல்வி வலயத்துக்கு வந்து சேர்கிறது. இடையில் இருக்கும் ஒவ்வொரு அதிகாரியும் அதைக் கீழே தள்ளிவிட்டால் போதாது, இங்கே சரிவராததை மேலே திருப்பிச் சொல்லும் துணிவும் வேண்டும். பயிற்சி அதைத்தானே வளர்க்க வேண்டும்?

மீபேயில் கல்வித் தலைமைத்துவத்துக்கென்றே நிலையம் இருக்கிறது, நல்லது. ஆனால் அது போதாது; அங்கே பயிற்சி பெறுவோர் ஒரு தவணையாவது தோட்டப் பாடசாலையில் இருந்து, பெற்றோரோடு தமிழில் பேசிப் பழகட்டும். மலையகத்து இளம் ஆசிரியர்களுக்கும் அந்தப் பயிற்சியில் இடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற அதிபர்,
ஹட்டன்.