தெரிவுக்கும் மேடைக்கும் நடுவே எட்டு மாதம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாட்டுப் போட்டியில் வெல்லும் ஐவரைச் சேர்த்து இசைக்குழு அமைத்து, வரும் திருவிழாக் காலத்திலேயே மேடையேற்றலாம் என்று இப்பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிரித்தானியாவின் ஹியர்சே குழுவை உதாரணம் காட்டியிருந்தார். அந்தக் குழுவின் கதையை முடிவு வரை பார்த்தால் இந்த அவசரம் வராது.

பிரித்தானியத் தொலைக்காட்சியான ஐ.ரி.வி.யின் 'பொப்ஸ்ரார்ஸ்' நிகழ்ச்சியில் அந்த ஐவரையும் தெரிவு செய்தவர்கள் மூன்று நடுவர்கள். அந்த வாசகர் எழுதியதுபோல நேயர் வாக்கு அல்ல. 2001 பெப்ரவரியில் பெயர்கள் வெளிவந்தன, மார்ச்சில் முதற்பாடல் கடைக்கு வந்தது. ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஐந்தரை இலட்சம் பிரதிகள்! ஆனால் அப்பாடலை எழுதி இசையமைத்தவர்கள் வேறு ஆட்கள். இன்னொரு பெண்கள் குழு ஏற்கெனவே பதிவு செய்திருந்த பாடல் அது. ஆக்கியோருக்குரிய உரிமைப்பணத்தில் இந்த ஐவருக்குப் பங்கில்லை. டிசம்பரில் வந்த இரண்டாவது அல்பம் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 24ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 2002 ஜனவரியில் ஐவரில் ஒருவரான கிம் மார்ஷ் விலகினார். அவரின் இடத்துக்குப் பகிரங்கத் தேர்வு வைத்து, கடைசியில் தங்களுடன் முன்பே நடனமாடிய ஒருவரை எடுத்ததால் 'முதலே முடிவு செய்துவிட்டார்கள்' என்ற பழியும் வந்தது. ஒக்டோபரில் குழு கலைந்தது.

அதே நிகழ்ச்சியில் தோற்ற ஐவர்தான் லிபேர்ட்டி எக்ஸ். பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. தெரிவு முடிந்து அவர்களின் முதற்பாடல் வர ஏறக்குறைய எட்டு மாதம் ஆயிற்று; ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. 2002 மே மாதம் இன்னொரு பாடலுக்கு முதலிடம். 2007 வரை நீடித்தார்கள். குரல்வளத்தில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு குழுவுக்குக் கிடைத்த எட்டு மாதம் மற்றதற்குக் கிடைக்கவில்லை.

இங்கும் கணக்கு அதுதான். கோவில் மேடையில் இரண்டரை மணி நேரம் என்றால், அறிவிப்புகள் போக 25 பாட்டாவது கையில் வேண்டும். வாரத்துக்கு ஒன்று பழுதில்லாமல் அமைந்தாலே ஆறு மாதம். மிச்ச இரண்டு மாதமும் வாசிகசாலை, சனசமூக நிலைய விழாக்களில் பாடட்டும். கீபோட், பேஸ் கிற்றார், தபேலா வாசிப்பவர்கள் முதல் நாளிலிருந்தே கூட இருக்க வேண்டும். ட்ராக்குக்கு, அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசைக்கு, மட்டும் பாடிப் பழகினால், ஒருவர் பாடத் தொடங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதும் எல்லோரும் தடுமாறுவார்கள். வாத்தியக்காரர் ஒரு சுற்றுக் கூட வாசித்துச் சமாளிப்பார், ட்ராக் காத்திருக்காது.

முதல் ஒத்திகைக்கு முன்பே சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு ஒப்பந்தம் எழுதுங்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், விலகுபவர் எத்தனை மாதம் முன்னே அறிவிக்க வேண்டும், அவருக்குப் பதிலாளை யார் தெரிவு செய்வது, வாத்தியக்காரருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பதாகை அடிக்க முன் அந்தப் பெயரில் வேறு குழு உண்டா என்றும் விசாரியுங்கள். லிபேர்ட்டி என்று தொடங்கியவர்கள் பின்னால் 'எக்ஸ்' சேர்த்ததே, அப்பெயரில் முன்பே இருந்த குழுவொன்று வழக்குப் போட்டு வென்றதால்தான்.

வாசகர்,
கொக்குவில்.