ஈஸ்டர் விடுமுறை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழாவும் விளையாட்டு விழாவும் நல்லபடியாக நடந்து முடிந்தன. பரிசு பெற்ற மாணவர்களுக்கும் பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் திங்கள் வரை விடுமுறை. செவ்வாயன்று வழக்கம்போல் வகுப்புகள் நடக்கும்.

குருத்தோலை பவனி, பாதம் கழுவும் சடங்கு, புனித வெள்ளியன்று சிலுவைப்பாதை, கஞ்சியும் பயறும், சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு என்று பிள்ளைகள் அந்த வாரம் முழுவதும் கோயிலும் வீடுமாக இருப்பார்கள். ஈஸ்டர் மதியச் சாப்பாடு முடிந்ததும் வேன் பிடித்து முட்டம், சொத்தவிளை, தேங்காய்ப்பட்டணம் என்று கடற்கரைக்குக் கிளம்புவதும் நம் குமரி மாவட்டத்து வழக்கம்தான். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பருவத்துக் கடலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 'கள்ளக்கடல்' வரும். தெற்கே வெகுதொலைவில் வீசும் புயற்காற்று கிளப்பிய அலை, சில நாள் கழித்து நம் கரையை அடைகிறது. இங்கே காற்றோ மழையோ இருக்காது. கடல் மட்டும் திடீரென ஏறிவரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். கிளம்பும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கடலை விட்டுவிட்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். திங்களன்று அது திறந்திருக்காது, ஞாயிறே போய்விடுங்கள்.

அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், அங்கே இறங்க விடாதீர்கள். கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். சிக்கிக்கொண்டவர் கரையை நோக்கி நீந்தினால் சோர்ந்துபோவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். காற்றடைத்த டியூப் பாதுகாப்பு ஆகாது, பிள்ளையை இன்னும் தூரமாகக் கொண்டுபோய்விடும்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருப்பது கண்காணிப்பு அல்ல. அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று விடுவதும், மது அருந்திவிட்டுக் கரையில் உட்காருவதும் கூடாது. சிறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

மூழ்கியவரை மீட்டதும் 108-ஐ அழையுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். வெளிவருவது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதி, பின் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள்.

திருவிழிப்பு முடிந்து நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்பியவர், தூக்கம் தெளியாமல் காலையில் வண்டி ஓட்ட வேண்டாம்.

ஆண்டு முழுவதும் பள்ளியின் வேண்டுகோள்களுக்குச் செவிசாய்த்து வந்திருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அனைவருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்